தார்ப்பாயைத் தாங்கியவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருஷம் வெள்ளகோவில் பக்கம் மழையே இல்லை. எஞ்சியிருந்த நான்கு மாடுகளையாவது காப்பாற்றலாம் என்று நானும் என் கணவரும் அவற்றை ஆனைமலை அடிவாரக் காட்டுக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போனோம். தங்குவதற்கு ஒரு தார்ப்பாய். "லேசானது காத்துக்குத் தாங்காது புள்ள" என்று, காங்கேயம் சந்தையில் கனமானதாகப் பார்த்து அவர்தான் வாங்கினார்.

காட்டில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. தார்ப்பாயை நானே கட்டினேன். காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்தி, மறுபக்கத்தை மூங்கில் கொம்புகளில் உயர்த்தினேன். மறுநாள் மத்தியானம் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒரு கொம்பு முறிந்து, தார்ப்பாய் அவர்மேல் சரிந்தது.

அந்த வழியே ஆடு ஓட்டிவந்த ஒருவர் ஓடிவந்து, சரிந்த முனையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். "நீங்க அவரைப் பாருங்க அம்மணி. இதை நான் புடிச்சுக்கறேன்" என்றார். உள்ளே மூவருக்கு இடமில்லை. அவர் மழையிலேயே நின்றார்.

என் மடியில் கணவரின் மூச்சு மெல்லக் குறைந்து நின்றுபோனது. மழை நிற்கவில்லை. அந்த மனிதர் கனத்தைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விட்டுருங்கண்ணா. இனி அவரு நனைஞ்சா என்னங்க" என்றேன்.

"நீங்க நனைஞ்சுபோவீங்களே அம்மணி" என்றார். பிடியை விடவில்லை.

தனியாக ஊர் திரும்பி எப்படி வாழ்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. வெகுகாலம் தெரியவில்லை. ஆனால் நானும் ஒருத்தி அங்கே இருக்கிறேன் என்பது, அவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.