தும்மல் வராத பொடி

குத்தாலம் கடைத்தெருவில், பஞ்சநதத்தின் மூக்குப்பொடிக் கடை வாசலில் நின்றபடி அப்துல் மஜீது தும்மினார். ஒரு தும்மலோடு நிற்கவில்லை, அடுக்கடுக்காக வந்தது. பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர் அவர். காலையும் மாலையும் இங்கே வந்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போவார். அவர் தும்மி யாரும் பார்த்ததில்லை.

"என்னய்யா பஞ்சநதம், மொளகாத்தூள அரைச்சு வச்சுட்டியா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புதுக் கலவை பாய். ரொம்ப ஏறுதா?"

"உச்சந்தலையில ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. என் கடையிலகூட அப்படி ஒரு ஆணி கெடையாது."

பஞ்சநதம் சிரிக்கவில்லை. புதிதாகப் பொடி போடுகிறவன் தும்முவது வேறு. பழகிய மூக்கு தும்மினால் கலவையில் கோளாறு என்று அர்த்தம்.

பொடி என்பது புகையிலை, சுண்ணாம்பு, நெய் ஆகிய மூன்றும்தான். வறுத்து இடித்துச் சலித்த இலையில் காரம் தூங்கிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு அதை எழுப்பும். எழுந்ததை நெய் அடக்கிப் பிடிக்கும். மூக்கில் முதலில் மணம் வரவேண்டும், பின்னாலேயே காரம் வரவேண்டும், இரண்டும் சேர்ந்தே இறங்கிவிட வேண்டும். எது ஒன்று தனியாகத் துருத்திக்கொண்டு நின்றாலும் அந்தப் பொடி சரியில்லை.

இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாயவரத்தில் ஒரு பொடிக்கடையில் வாழைப்பட்டையில் பொடியை மடித்து மட்டை கட்டும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டுதான் கலப்பார். மட்டை கட்டும்போது விரலில் ஒட்டுவதை மோந்து பார்ப்பார் பஞ்சநதம். இன்றைக்குச் சுண்ணாம்பு கூடுதல், இன்றைக்கு நெய் போதாது என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். வாங்கிப் போடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து, தான் நினைத்தது சரியா என்று தெரிந்துகொள்வார். சொந்தக் கடை வைத்த பிறகும் தராசு இலைக்கு மட்டும்தான். மற்றதற்கெல்லாம் மூக்கு.

அந்த மூக்கின் மேல்தான் இப்போது சந்தேகம். ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் விட்டதும் பார்த்தால் காப்பி வெறும் வெந்நீராக இருந்தது. சில நாளில் வாசனை கொஞ்சம் திரும்பியது போலத் தோன்றவே, துணிந்து கலந்துவிட்டார்.

சுண்ணாம்பைக் குறைத்து ஒரு பிடி கலந்து பார்த்தார். வேறு மூட்டை இலையில் ஒரு பிடி கலந்து பார்த்தார். இரண்டுக்கும் மஜீது தும்மினார். போதாததற்கு, மட்டைக்குள் பொடி கட்டி தட்டத் தொடங்கியது. வாடிக்கைக்காரர்கள் இரண்டொருவர் எதிர்க்கடையில் கம்பெனி டப்பா வாங்கிப் போவதை அவரே பார்த்தார்.

வீட்டில் மனைவி சாவித்திரி சொன்னாள்: "நீங்களும் அந்த டப்பாவையே வாங்கி அடுக்குங்களேன். யாரு வேணாங்கறா?"

"அடுக்கலாம். அப்பறம் நான் எதுக்கு அங்க ஒக்காந்திருக்கறது?"

"ஃபேனுக்குக் கீழ ஒக்காரத்தான்."

இரவெல்லாம் யோசித்ததில் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. கண்ணில்லாமல் கார் ஓட்டுகிற மாதிரிதானே இது. மறுநாள் மஜீதிடம், "இனிமே நான் கலக்கலை பாய்" என்று சொல்லிவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்.

மருமகள் பிரகதீஸ்வரி இலை போட்டு, சூடான சோற்றில் பருப்பை வைத்து, மேலே நெய் ஊற்றினாள். பிசைந்து வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

"இதுல முருங்கை இருக்கா?"

"பருப்புலயா? இல்லையே மாமா."

"நெய்யில."

"ஆமா. வெண்ணெ உருக்கறப்ப ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டேன், வாசத்துக்கு. ரெண்டு கல்லு உப்பும். எங்க வீட்ல அப்படித்தான் மாமா."

"எல்லார் வீட்லயும் அப்படித்தாம்மா. நான் கடைக்கு எடுத்துட்டுப் போனேனே ஒரு தூக்கு நெய், அது?"

"அதுவும் நான்தான் உருக்கினேன். நீங்க காய்ச்சலா படுத்திருந்தீங்க, வெண்ணெ வீணாப் போயிருமேன்னு. வீட்டு நெய்க்கு மட்டும் வாசம், கடை நெய்க்கு வேணாமான்னு அதுலயும் ஒரு கொத்து போட்டேன்." அவள் முகம் வாடியது. "தப்புப் பண்ணிட்டேனா மாமா?"

"இல்லம்மா. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

சாவித்திரி எட்டிப் பார்த்தாள். "கீரை வாசம் தெரியுதுன்னா மூக்கு எங்கயும் போவலன்னு அர்த்தம். ஒரு மாசமா என்னைப் படுத்தின பாடு."

கடைக்குத் திரும்பியதும் அந்தத் தூக்கின் அடியைச் சுரண்டி நாக்கில் வைத்தார். கறுத்த கீரையும் கசண்டும், அதற்குள் கரையாத உப்பும். பொடிக்கான வெண்ணெயை எதுவும் போடாமல் அவரே உருக்குவது வழக்கம். காய்ச்சலில் கிடந்ததில் இந்தத் தடவை உருக்கியது வேறு கை என்பதே தோன்றாமல், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் நெய்யை விட்டுவிட்டார். மழைக்காலத்து ஈரத்தை உப்பு இழுத்து வைத்துக்கொண்டது. ஈரம் கண்ட சுண்ணாம்பு காரத்தை உலுக்கி எழுப்பிவிட்டது. கீரை வாசமோ புகையிலைக்குள் ஒளிந்துகொண்டு, சூடான சோற்றில்தான் வெளியே வந்தது.

வெறும் வெண்ணெயை உருக்கி, மறுபடி கலந்து, ஊறவிட்டு, மஜீதைக் கூப்பிட்டார்.

"கலக்கலைன்னியேய்யா?"

"போட்டுப் பாருங்க."

மஜீது சிட்டிகை எடுத்து உறிஞ்சினார். பஞ்சநதம் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடித் திறந்தார் மஜீது. தும்மல் வரவில்லை. தன் டப்பியைத் திறந்து, நிரப்பச் சொல்லி நீட்டினார்.

அதை வாங்கக் குனிந்த பஞ்சநதம் நிமிர்ந்து கேட்டார்: "அத்தர மாத்திட்டீங்களா பாய்?"

"மருமவன் துபாய்லேர்ந்து கொண்டாந்தான். போட்டு ஒரு வாரமாச்சு. இன்னிக்குத்தான் தெரியுதா ஒனக்கு?"

"இன்னிக்குத்தான் தெரியுது" என்று சொல்லி, டப்பியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தியே நிரப்பினார் பஞ்சநதம்.