வறுத்த மணலில் ஒரு தவளைக்கண் பல்லி

கண்டி நகருக்கும் வத்தேகமவுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் எங்கள் வீடு அமைந்துள்ளது. இப்பகுதியில் குடியிருப்போர் ஆண்டின் பெரும்பகுதியை ஈரத்தோடு போராடியே கழிக்கின்றனர். அலுமாரிக்குள் சிறிய மின்குமிழொன்றை எரியவிடாவிட்டால் உடுப்புகளில் பூஞ்சணம் படரும். அடுப்பருகே வைக்காத தீப்பெட்டியின் குச்சி பற்றாது. இத்தகைய வீட்டுக்குத்தான் பாலைநிலத்துப் பிராணியொன்று வந்து சேர்ந்தது.

என் மகள் கொழும்பில் பணிபுரிகிறாள். அவளுடைய தோழியொருத்தி வெளிநாடு சென்றபோது, தான் வளர்த்த தவளைக்கண் பல்லியை இவளிடம் விட்டுச் சென்றாள். வாடகை அறையில் பிராணி வளர்க்க வீட்டுக்காரர் இணங்காமையால், கண்ணாடித் தொட்டியோடு அது எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

"கையால தூக்காதீங்கப்பா, தோல் கிழிஞ்சிரும். பாலைவனத்துச் சாமான், ஈரம் ஆகாது" என்று அவள் கூறிச் சென்றாள்.

அதன் கண்கள் தலைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. உடல் முழுவதும் மீன் செதிள் போன்ற செதிள்கள். நம் வீட்டுப் பல்லியைப் போலச் சுவரேற அதனால் இயலாது; மணலில் வளை தோண்டி வாழும். சினம் கொண்டால் வாலை அசைத்துச் செதிள்களை உரசும்.

"நம்ம பல்லி சொன்னா பலன் பார்க்கலாம். இது என்னங்க, சுளகுல அரிசி பொடைக்கிற மாதிரி சத்தம் போடுது? இதுக்கு என்ன பலன்?" என்று என் மனைவி வினவினாள்.

"கிட்ட வராதேங்கிறதுதான் பலன்" என்றேன்.

ஈரத்தை விலக்குவதில் எனக்கு ஆயுட்காலப் பழக்கம் உண்டு. ஆதலால் ஆற்று மணலைக் கழுவி, மாவு வறுக்கும் தாச்சியில் நன்றாக வறுத்து, ஆறவைத்துத் தொட்டியில் பரப்பினேன். மழை வலுத்த வாரங்களில் மறுபடியும் வறுத்தேன்.

"நாளைக்கு இடியப்பத்துல மணல் கடிபட்டா என்னைக் கேக்காதீங்க" என்றாள் மனைவி. எனினும் தாச்சியை அவள் மறைத்து வைக்கவில்லை.

பல்லி தோண்டிய வளைகள் யாவும் உடனுக்குடன் சரிந்தன. அது தோலுரிக்கத் தொடங்கியபோது, உடலில் கழன்ற தோல் கால்விரல்களில் மட்டும் நூல் சுற்றியது போல் இறுகிவிட்டது. விரல்கள் வீங்கின. நான் தோட்டத்தில் பிடித்து இட்ட வெட்டுக்கிளிக் குஞ்சுகள் அதன் முதுகின்மேலேயே ஏறி நடந்தன. அது தலை திருப்பவில்லை.

தொலைபேசியில் மகள் அழுதாள். "செத்துப் போயிருமாப்பா?"

தெரியாது என்பதே உண்மை. அதையே கூறினேன்.

பின்னர் நான் செய்தது கவனிப்பு ஒன்றே. மாலை வேளைகளில் கதிரையைத் தொட்டியருகே இழுத்துப் போட்டு அமர்ந்தேன். தொட்டி விசாலமானது, ஆயினும் பல்லி எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்தின் ஒரு பக்கத்தையே சுரண்டியது. கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தேன். சிந்திய நீரால் அங்கே மட்டும் மணல் நனைந்திருந்தது. அந்த ஈரத்தில் விரல் நுழையுமளவு குழியொன்று சரியாமல் நின்றது.

மேலே காய்ந்தும் அடியில் நனைந்தும் இருப்பதே அதன் நிலம் போலும் என ஊகித்தேன். தொட்டியின் ஒரு மூலையில் குழாயொன்றைச் செருகி, மேல் மணல் நனையாதவாறு அடிக்கு நீர் ஊற்றினேன்.

"வறுத்ததையும் நீங்கதான் வறுத்தீங்க, இப்ப தண்ணி ஊத்துறதும் நீங்கதான்" என்றாள் மனைவி. 

பல்லி அந்த மூலையில் வளை தோண்டியது. வளை சரியவில்லை. அதற்குள் புகுந்த பிராணி சில நாட்கள் வெளிப்படவே இல்லை. தோண்டிப் பார்க்கலாம் என்று மனைவி இருமுறை கூறினாள், நான் இணங்கவில்லை. மகளின் அழைப்புகளுக்கு, உள்ளே இருக்கிறது என்பதற்கு மேல் விடை கூற முடியவில்லை.

ஒரு மாலை அது வெளியே வந்தது. விரல்களில் சுற்றியிருந்த தோல் வளையின் ஈரத்தில் ஊறிக் கழன்றுவிட்டது. பின்னங்காலில் ஒரு விரலின் நுனி மட்டும் கறுத்திருந்தது; அது பிற்பாடு உதிர்ந்தும் போயிற்று. வெட்டுக்கிளிக் குஞ்சொன்றை உள்ளே இட்டேன். பல்லி அசையாமல் நின்று, வாலின் நுனியை மட்டும் இருமுறை ஆட்டி, பாய்ந்து கவ்வியது.

மனைவி உடனே மகளை அழைத்தாள். "தின்னுருச்சு" என்றாள். மறுமுனையில் மகள் ஏதோ கேட்டாள் போலும்.

"அப்பாவா? இன்னொண்ணு புடிக்கத் தோட்டத்துக்குப் போயிட்டாரு."