அண்ணனுக்கு மிஞ்சிய ஒரு சொல்

பக்கவாதம் வந்த பிறகு என் அண்ணனுக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. 'ஆமா.' பசிக்கிறதா என்றாலும் ஆமா, வயிறு நிறைந்துவிட்டதா என்றாலும் ஆமா. வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறப்பார். வெளியே வருவது அது ஒன்றுதான். வந்ததைக் கேட்டு அவருக்கே முகம் சுருங்கிப் போகும். காதில் குறையில்லை, புத்தியில் குறையில்லை. நாம் பேசுகிற ஒவ்வொன்றும் அவருக்கு விளங்கும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்று இறந்த பிறகு எனக்கு எல்லாமாக இருந்தவர் அவர்தான். என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் இருப்பது மூன்றாவது மாடி. வாரத்தில் இரண்டு நாள் லிஃப்ட் ஓடாது. வலது கையும் காலும் விழுந்துபோன மனிதரை அங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று முடிவு செய்தேன். கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தேர்ந்தெடுத்தது நான்தான். முப்பத்து நான்கு வருஷம் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். ஐந்து இல்லங்களைப் பார்த்தேன், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, மூத்திர நாற்றம் அடிக்கிறதா, மருந்து அலமாரிக்குப் பூட்டு உண்டா என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இந்த இல்லத்தில் எல்லாம் இருந்தது. முன்கூடத்தில் மீன்தொட்டி, சுவரில் சிரிக்கும் படங்கள். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஓர் அட்டையில் செருகிய தாள்: எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தார்கள், எவ்வளவு தண்ணீர் கொடுத்தார்கள், எப்போது பேம்பர்ஸ் மாற்றினார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் என் மனம் அடங்கிவிட்டது. காலையில் இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நான்கு மணிக்குப் போவேன். அண்ணன் சவரம் செய்து, பவுடர் போட்டு, சட்டைப் பொத்தான் மாட்டி உட்கார்ந்திருப்பார். ஐந்து மாதம் இப்படியே போனது. ஒருமுறை அவர் இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். "வீட்டு ஞாபகம் வந்துடுச்சு ஆன்டி, புதுசா வந்தவங்க எல்லாம் அப்படித்தான்" என்றார் இல்லத்தை நடத்தும் பெண்மணி. நானும் நம்பி, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு புதன்கிழமை, என்னோடு வேலை செய்த தோழி ஒருத்தியின் சாவுக்காகத் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊருக்குப் போயிருந்தேன். திரும்பும்போது வழிதானே என்று இல்லத்துக்குப் போனேன். மணி பதினொன்று இருபது.

முன்கூடத்தில் யாரும் இல்லை. உள்ளே ஒரு கிழவி யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் தன் அறையில், சுவரைப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பழைய கைலி ஒன்றை இடுப்பைச் சுற்றிக் கொடுத்து நாற்காலியின் முதுகில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். உதடு வெடித்து, வெடித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. பேம்பர்ஸ் நனைந்து கனத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஆமா, ஆமா, ஆமா" என்றார். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தேன். அவரை என் தோளில் சாய்த்து நகர்த்தி, கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பேம்பர்ஸைக் கழற்றினேன். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் என் உள்ளங்கை அளவுக்குப் படுக்கைப்புண். தோல் இல்லை. நடுவில் கறுத்துக் குழிந்திருந்தது. இப்படியொரு புண் ஒரு நாளில் வராது. பவுடர் போட்ட எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் இது அந்தச் சட்டைக்குக் கீழே இருந்திருக்கிறது.

கட்டிலின் காலடியில் தாளை எடுத்துப் பார்த்தேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு இடப்பக்கம் புரட்டினோம். இரண்டு மணிக்கு வலப்பக்கம். நான்கு மணிக்குத் தண்ணீர், இருநூறு மில்லி. எல்லாம் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில். என் கைக்கடிகாரத்தில் இன்னும் பதினொன்றரைகூட ஆகவில்லை. போனை எடுத்துத் தாளையும் கடிகாரத்தையும் சேர்த்துப் படம் பிடித்தேன். 

அப்போதுதான் வேலை செய்யும் பெண் ஓடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கேரி தீவிலிருந்து பாலம் தாண்டித் தினமும் மோட்டார்சைக்கிளில் வருகிறவள். முழங்கை வரை சோப்பு நுரை.

"யாரு கட்டினது?" என்று கத்தினேன்.

"நான்தான் மிஸ்ஸி." இங்கே தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் பின்வாங்கவில்லை. "காலையில நான் ஒருத்திதான். பதினெட்டுப் பேரு. குளிப்பாட்டணும், ஊட்டணும், துணி துவைக்கணும். இன்னொரு ஆளு வேலைய விட்டு நின்னு ரெண்டு மாசம் ஆச்சு. நான் அங்கிட்டு இருக்கறப்ப இவரு விழுந்துட்டாருன்னா? மேடம்தான் கட்டச் சொன்னாங்க."

"இந்தத் தாளு?"

"காலையில வந்ததுமே எழுதிடச் சொல்லிட்டாங்க. அப்புறம் எழுத எங்க மிஸ்ஸி நேரம் இருக்கு?"

சொல்லிவிட்டு அவள் போய் ஒரு கோப்பைத் தண்ணீரும் கரண்டியும் கொண்டுவந்தாள். அண்ணனின் தலையைத் தூக்கிப் பிடித்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். வேலை தெரிந்த கை அது. பக்கத்து அறையில் கிழவி கூப்பிட்டதும் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

நடத்தும் பெண்மணி அரை மணி நேரம் கழித்துக் காரில் வந்து இறங்கினார். போர்வையை விலக்கிப் புண்ணைப் பார்க்கச் சொன்னேன். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"வயசானவங்களுக்கு ஸ்கின் தின்னா இருக்கும் ஆன்டி. நீங்க நர்ஸ், உங்களுக்குத் தெரியாததா? நாங்க எல்லாம் ரெக்கார்ட் பண்ணித்தான் வைக்கிறோம் லா."

"நாலு மணிக்குக் குடுக்கப்போற தண்ணியக்கூட ரெக்கார்ட் பண்ணிட்டீங்களே!"

அவர் என்னைத் தாண்டி உள்ளே வந்தார். அண்ணன் பக்கம் குனிந்து, குழந்தையிடம் பேசுவது போல் சிரித்துக்கொண்டு கேட்டார்: "அங்கிள், நாங்க உங்கள நல்லாப் பாத்துக்கிறோம்தானே?"

"ஆமா" என்றார் அண்ணன்.

"பாத்தீங்களா? அவரே சொல்றாரு."

எனக்குள் ஏதோ அறுந்தது. "அண்ணே, இந்த வீட்டுல யானை வளக்குறாங்களா?" என்று உரக்கக் கேட்டேன்.

"ஆமா."

"நேத்து நீங்க நிலாவுக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"இவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே கேக்குறீங்க!" என்று அந்தப் பெண்மணியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினேன்.

வழக்கில் ஜெயித்துவிட்ட திமிரோடு திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அழுதுகொண்டிருந்தார். இடது கையால் முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தார். ஒரு கையால் முகத்தில் பாதிதான் மறைந்தது. இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் கிடந்த அவரை, இரண்டு பெண்கள் மாறி மாறிக் கேள்வி கேட்டு வேடிக்கை காட்டியிருக்கிறோம். அதில் ஒருத்தி அவருடைய தங்கை. போர்வையை இழுத்து மூடி, "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் ஆமா என்றுகூடச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸை அழைத்து அரசு மருத்துவமனையில் சேர்த்தேன். புண்ணிலிருந்த செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். மூன்று வாரம் அங்கே இருந்தார். அந்த மூன்று வாரத்தில் நான் சமூக நலத்துறைக்குப் புகார் எழுதினேன். நான்கு பக்கம், படங்களோடு.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இல்லம் நேரில் சோதிக்கப்பட்டது. சுத்தமாக இருந்தது. பதிவுகள் முழுமையாக இருந்தன. கவனக்குறைவுக்குப் பொறுப்பான பணியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

கடைசி வரியை மூன்று முறை வாசித்தேன். பிறகு அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட இளைஞர் தமிழர்தான், மரியாதையாகப் பேசினார்.

"சொல்லாமப் போனீங்களா தம்பி, சொல்லிட்டுப் போனீங்களா?"

"முன்னாடியே லெட்டர் அனுப்பிடுவோம் ஆன்டி. அதான் புரொசீஜர்."

"பதிவு முழுசா இருந்துச்சுங்கிறீங்க. அது முழுசா இருந்ததுதானே என் புகாரே?"

"பேப்பர்ல இருக்கறதத்தான் நாங்க பாக்க முடியும் ஆன்டி" என்றார்.

நீக்கப்பட்டவள் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே காலையில் இருந்தது ஒருத்திதான். அவளுடைய நம்பர் என்னிடம் இல்லை. இல்லத்துக்குப் போன் செய்து கேட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அந்த இல்லம் இன்றும் நடக்கிறது. அவளைத் துணைக்கு ஆளில்லாமல் பதினெட்டுப் பேரோடு விட்டவர் இன்றும் அதே காரில் வந்து இறங்குகிறார். என் நான்கு பக்கத்தால் வேலை போனது அவள் ஒருத்திக்குத்தான்.

அண்ணனை என் ஃபிளாட்டுக்கே கொண்டுவந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினேன். சில நாள் என்னையறியாமல் தூங்கிவிட்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். புண் மூட ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் என் வலது முழங்கால் நடக்கவிடாமல் வீங்கிக்கொண்டது. அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடியும் இடம் தேட வேண்டியதாயிற்று.

இந்த முறை நோட்டுப் புத்தகம் கொண்டுபோகவில்லை. வேலை நாளில், காலையில், சொல்லாமல் போனேன். செராஸில் ஓர் இடத்தில் கேட்டைத் திறக்கவே இல்லை. "அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டு வாங்க ஆன்டி" என்று உள்ளிருந்து ஒரு குரல். "கட்டி வச்சதெல்லாம் அவுக்க நேரம் வேணுமோ?" என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டுத் திரும்பினேன். அவர்கள் நல்லவர்களாகக்கூட இருக்கலாம். எனக்கு அதையெல்லாம் யோசிக்கப் பொறுமையில்லை.

கிள்ளானில் ஒரு பழைய மாடிவீடு. சாயம் உரிந்திருந்தது. மீன்தொட்டி இல்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு பெண் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க ஆன்டி. இவரு மெதுவாத்தான் முழுங்குவாரு."

உட்கார்ந்தேன். இருபது நிமிடம். ஒவ்வொரு கரண்டியும் அவர் தொண்டையில் இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை அவள் எடுத்தாள். இன்னொரு பெண் பின்னால் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் அடுப்படியில். தங்கியிருப்பவர்கள் ஒன்பது பேர் என்று நானே எண்ணிக்கொண்டேன்.

அடுத்த நாள் அண்ணனை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அந்த வீட்டின் நடுக்கூடத்தில் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தேன். இடம் பிடித்திருக்கிறதா என்று அவரைக் கேட்கவில்லை. கஞ்சி ஊட்டிய பெண் வந்து குனிந்து அவர் இடது கையைப் பிடித்தாள். அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.