மாஸ்டரை அனுப்ப ஒரு பத்துக்கு எட்டு போர்டு

பிளக்ஸ் கடைக்காரனுக்கு ஊரில் எதிரி கிடையாது. ஆனால் ஊரில் யாருக்கு யார் எதிரி என்பது அவனுடைய கம்ப்யூட்டரில் தனித்தனி ஃபோல்டராக இருக்கும்.

தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு அணிக்காக வாரம் தவறாமல் தொண்டை கட்டிக்கொள்கிறவர்களே, வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் "ஆமாங்க" சொல்லியே கழுத்து வலி கண்ட கடைக்காரர்களே, நாமெல்லாம் ஒரே சாதி. அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் சிக்கல் என்கிற கிராமம்; கமுதியைப் போலவே தண்ணீருக்குத் தவிக்கிற பூமி. பன்னிரண்டு வருஷமாகக் கடலோரத் திருப்பாலைக்குடியில் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நம்ம கைவேலைதான். ஆனால் இந்த வருஷம் எனக்குச் சோறு போட்டது நீலக்கடல் கால்பந்துக் கழகம். தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தார்கள்.

கோச் முருகேசன் மாஸ்டர். கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயம். வாரத்தில் மூன்று நாள் அங்கிருந்து பைக்கில் வந்து பழக்கிவிட்டுப் போவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கழகத்துக்குக் கப்பு வாங்கிக் கொடுத்தவர். கப்பு வாங்கிய பையன்கள் ஒவ்வொருவராக விசா வந்து வெளிநாடு போய்விட, இப்போது அவர் கையில் இருப்பதெல்லாம் மீசை அரும்புகிற பிள்ளைகள். எட்டாவது ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே கூட்டம் போட்டு, மாஸ்டர் இருப்பதா போவதா என்று கை தூக்கி முடிவெடுப்பதாகக் கழகத்தில் பேசிவிட்டார்கள். அவர் இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. வாயைத் திறந்தால், "தண்ணியில்லாக் காட்டுக்காரனுக்கு இன்னொரு தண்ணியில்லாக் காட்டுக்காரன் வக்காலத்து" என்று சொல்லிவிடுவார்கள். பொத்திக்கொண்டு இருந்தேன்.

படம் இல்லாமல் போர்டா?

ஏழாவது தோல்விக்கு மறுநாள் காலையில் ஒன்பது பேர் கடைக்குள் நுழைந்தார்கள். தலைமை, ஐஸ் கம்பெனி மேனேஜர் இப்ராகீம் பாய். நீலக்கடல் ஆட்டம் என்றால் ஐஸ் உருகினாலும் கவலைப்படாத மனிதர். பத்தடிக்கு எட்டடியில் ஒரு போர்டு வேண்டும், வாசகம் அவரே எழுதி வந்திருந்தார்: "ஏழு தோல்வி போதும்! முருகேசன் மாஸ்டரே, விடைபெறுங்கள்!" சரி என்று டைப் செய்தேன். அப்புறம்தான் சிக்கல் வந்தது. நம்ம பக்கம் படம் இல்லாத போர்டு, பொண்ணு இல்லாத கல்யாணம். ஒருவரைப் போகச் சொல்வதாக இருந்தாலும் அவர் படம் நடுவில் பெரிதாக இருந்தாக வேண்டும். என்னிடம் மாஸ்டர் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்றைக்குக் கப்பை வாங்கி, நெஞ்சுக்கு நேரே இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி நிற்கிற படம்.

திரையில் அதைத் திறந்ததும் ஒன்பது பேரும் நெருங்கி வந்துவிட்டார்கள். ஒருவர், அன்றைக்கு மழையில் கப்போடு மாஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போனதைச் சொன்னார். இன்னொருவர், அந்தத் தோளே தன்னுடையதுதான் என்றார். அரை மணி நேரம் பழைய ஆட்டமே பேச்சாக ஓடியது. கடைசியில் இப்ராகீம் பாய், கப்பை மட்டும் அழிக்கச் சொன்னார். பளபளக்கிற கப்பை அழிப்பது லேசில்லை. சட்டைப் பொத்தான்வரை புதிதாக வரைந்து அழித்தேன். முடித்துப் பார்த்தால், மாஸ்டர் அதே சிரிப்போடு வெறுங்கையை ஏந்திக்கொண்டு நிற்கிறார். ஏதாவது போடுங்கள் என்று கேட்பதுபோல இருந்தது. ஒன்பது பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்ராகீம் பாய்தான் முதலில் எழுந்தார். "ஏலே, ரொம்ப நேரம் பாக்காதீக, மனசு மாறிரும்."

தம்மாமில் ஒரு சமையல்காரர்

அன்று மதியமே சவூதி தம்மாமிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பேசியது ஹாஜா, இப்ராகீம் பாயின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் மாஸ்டரை அனுப்பப் போர்டு அடிக்கிறார் என்று கேள்விப்பட்டு, மாஸ்டருக்கு ஆதரவாக அதே அளவில் ஒரு போர்டு கேட்டார். அவர் சொன்னதைக் கேட்டு நான் மலைத்துப் போனேன். ஒரே தொழிலாளர் கேம்ப்பில் நம்ம ஊர்க்காரர் இருபத்திரண்டு பேர். ஆட்டம் நடக்கும்போது இங்கிருந்து மச்சான் ஒருவர் வீடியோ காலில் காட்டுவார். அங்கே தண்ணீர் கேனில் ஒரு போனைச் சாய்த்து வைத்து இருபத்திரண்டு பேரும் பார்ப்பார்கள். பந்து கண்ணுக்கே தெரியாது. இங்கே எழும்புகிற கூச்சலை வைத்துத்தான் கோல் யாருக்கு என்று கண்டுபிடிப்பார்களாம். இப்படி ஏழு ஆட்டம்!

அவர்களுக்குள்ளும் ஓட்டெடுப்பு நடந்திருக்கிறது. பதினொன்றுக்குப் பத்து என்று மாஸ்டர் போகட்டும் கட்சி ஜெயித்துக்கொண்டிருந்தபோது, கடைசி ஆளாகச் சமையல்கார அண்ணனைக் கேட்டிருக்கிறார்கள். அவர் கரண்டியைக் கீழே வைக்காமல், "ஏழு நாளு சோறு குழஞ்சுச்சுன்னு என்னைய மாத்தினீகளா? அரிசி புதுசுன்னு பொறுத்துக்கிட்டீகள்ல?" என்று கேட்டாராம். அவர் ஓட்டோடு சமமாகி, அதைக் கேட்டு இன்னும் நான்கு பேர் கட்சி மாறிவிட்டார்கள்.

இருபத்திரண்டு முகத்தையும் வட்டம் வட்டமாக வெட்டி, நடுவில் மாஸ்டரை வைத்து மாதிரியை அனுப்பினேன். அனுப்பின பிறகுதான் கவனித்தேன், அவசரத்தில் கப்பை அழித்த படத்தை வைத்துவிட்டேன். எதிர்க்கட்சிக்குச் செய்ததை எடுத்து இவர்களுக்கு வைத்த என் புத்தியை எதால் அடிப்பது? திருத்தி அனுப்புவதற்குள் ஹாஜாவின் குரல் வந்துவிட்டது. "பாண்டிண்ணே, மாஸ்டர் நமக்காகக் கையேந்தி துஆ கேக்குற மாதிரியே இருக்கு. அத மட்டும் தொட்டுராதீக."

மாஸ்டரே வந்துவிட்டார்

வியாழக்கிழமை மதியம் 'விடைபெறுங்கள்' போர்டு மெஷினிலிருந்து இறங்கியது. மை காயவில்லை, சுருட்ட முடியாது. கடைத் தரை முழுக்க விரித்துப் போட்டிருந்தேன். இப்ராகீம் பாய் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பைக் சத்தம். எட்டிப் பார்த்தால் முருகேசன் மாஸ்டர். மூடவும் வழியில்லை, மறைக்கவும் வழியில்லை. பத்துக்கு எட்டை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? பாய் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

மாஸ்டர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, போர்டில் கால் படாமல் ஓரமாகவே நடந்து உள்ளே வந்தார். நின்று முழுசாகப் படித்தார். தன் முகத்தையும் பார்த்தார். ஒவ்வொரு பங்குனிக்கும் அவர் என் கடைக்கு வருவது பழைய போர்டுகளுக்காக. மிளகாய்ப் பழம் காயப்போட விரிப்பாக ஆகும். அதற்குத்தான் வந்திருந்தார். குனிந்து போர்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தவர், "காத்து போக ஓட்டை போடலையா தம்பி? கொண்டல் காத்து இந்த அடி அடிக்குது, ஒரு நாள் தாங்காதே" என்றார். நான் கத்தியை எடுத்து அங்கங்கே அரைவட்டமாக ஓட்டை போட்டேன். அவரே இரண்டு இடத்தைக் காட்டினார். ஒன்று அவருடைய நெற்றிக்குப் பக்கத்தில்.

பிறகு பாய் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. "பாய், கோல்போஸ்ட்டுக்குப் பின்னால மட்டும் கட்டிறாதீங்க. நம்ம கீப்பர் சின்னப் பிள்ளை, ஏதாச்சும் ஒரு பாதியில அவன் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும். கை நடுங்கிரும்" என்றார். இப்ராகீம் பாய் சாய்ந்த ஸ்டூலை நிமிர்த்திக்கொண்டே தலையாட்டினார். எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு நான் 'மாமனிதரே' என்று போர்டு அடித்திருக்கிறேன். அந்த வார்த்தையையெல்லாம் வீணாகச் செலவழித்துவிட்டேனே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நாலு பழைய போர்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கியவர், திரும்பிப் பார்த்தார். "கூட்டம் முடிஞ்சதும் இத எனக்குத் தருவீங்களா பாய்? பத்துக்கு எட்டு நல்ல அளவு."

கடலைப் பார்த்த போர்டு

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து ஊரே மைதானத்தில் இருந்தது. நுழைவாசலில் தம்மாம் போர்டு, இருபத்திரண்டு முகத்தோடு. எதிர்ப் போர்டைக் காணோம். தேடிப் பார்த்தால், கிழக்கு ஓரத்தில், கடலுக்கும் மைதானத்துக்கும் நடுவில், சவுக்குக் கம்பில் விறைப்பாகக் கட்டியிருந்தார்கள். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது அதன் வெள்ளை முதுகு மட்டும்தான். எழுத்து மொத்தமும் கடலைப் பார்த்து இருந்தது. கட்டியவர்கள் தெரியாமல் திருப்பிவிட்டார்களோ என்று இப்ராகீம் பாயிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். "அடிச்ச போர்டக் கட்டாம விட்டுப் பழக்கமில்ல பாண்டி. மீனு படிச்சுட்டுப் போகட்டும்."

கை தூக்குங்கள்

ஆட்டம் இரண்டுக்கு ஒன்று. தோற்றோம். எட்டாவது தோல்வி. ஆனால் நாலு, ஐந்து என்று வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். அன்றைக்கு அந்த கீப்பர் பிள்ளை கடைசி நிமிஷத்தில் இடதுபக்கம் பறந்து ஒரு பந்தைப் பிடித்தான் பாருங்கள், ஜெயித்த அணிக்காரர்களே கைதட்டினார்கள். தோற்ற ஆட்டத்தில் நான் கண் கலங்கி நின்றது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் ஒருவரையும் திட்டவில்லை. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கூட்டம் நடக்கட்டும் என்று தன் பைக் பக்கம் போய்விட்டார்.

செயலாளர் மைக்கில், "மாஸ்டர் வேணாங்கிறவங்க கை தூக்குங்க" என்றார். இரண்டு கை மேலே போனது. போன கைகள் இப்ராகீம் பாய் எங்கே என்று தேடின. எல்லாரும் திரும்பினோம். அவர் கிழக்கு ஓரத்தில் போர்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்த பக்கத்தில் காற்று புகுந்து பிளக்ஸ் பாய்மரமாகப் புடைக்க, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே போயிருந்த இரண்டு கையும் மெல்ல இறங்கிவிட்டன. "வேணுங்கிறவங்க?" என்றதும் மைதானம் முழுக்கக் கைகள். மச்சான் பிடித்திருந்த போனுக்குள்ளிருந்து தம்மாம் மொத்தமும் கத்தியது. பன்னிரண்டு வருஷமாக எந்தக் கட்சியிலும் சேராத நானும் கையைத் தூக்கினேன். தண்ணியில்லாக் காட்டுக்காரன் என்று சொல்லட்டுமே!

செயலாளர் விடவில்லை. "பாய், நீங்க எந்தப் பக்கம்? ரெண்டு தடவையும் கை தூக்கலையே?" என்று மைக்கிலேயே கேட்டார். இப்ராகீம் பாய் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே கத்தினார். "கையில மாஸ்டர் இருக்காருல்ல, எப்பிடித் தூக்குறது?"

கமுதியிலிருந்து ஒரு படம்

சொன்ன சொல் தவறாமல் பாய் அந்தப் போர்டை அன்றைக்கே மடித்து மாஸ்டர் பைக்கில் கட்டிவிட்டார். பத்து நாள் கழித்து மாஸ்டர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். களத்தில் போர்டு விரிந்து கிடக்கிறது. மேலே குண்டு மிளகாய் செக்கச்செவேலென்று காய்கிறது. 'ஏழு தோல்வி', 'விடைபெறுங்கள்' எல்லாம் மிளகாய்க்கு அடியில் போய்விட்டது. தெரிவது அவர் சிரித்த முகமும் அந்த இரண்டு உள்ளங்கையும் மட்டும். நான் மெனக்கெட்டுக் கப்பை அழித்த இடத்தில், கை கொள்ளாமல் ஒரு குவியல் மிளகாய். பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்கு வந்திருந்த இப்ராகீம் பாயிடம் காட்டினேன். அவர் போனை வாங்கி, படத்தோடு வந்த மாஸ்டரின் குரலை இரண்டு தடவை கேட்டார். "கப்பு வர்ற வரைக்கும் கைய ஏன் சும்மா வச்சிருக்கணும் தம்பி? சனிக்கிழமை பயிற்சிக்கு வாரேன், பயலுகள வரச்சொல்லுங்க."

என் தொழிலில் நான் அடித்த போர்டுகளில், படத்தில் இருக்கிற மனிதருக்கே பத்து நாளைக்குமேல் உபயோகப்பட்டது, அவரைப் போகச் சொன்ன அந்த ஒரு போர்டுதான்.