அத்தான் சேர்த்த கட்டளைகள்

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் ‘உபகட்டளை’ என்று பட்டப்பெயர். நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அவர் கருவி செய்வார். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் உதவிப் பக்கம் எழுதுவேன். வீட்டில் அவர் எனக்கு அத்தான், அலுவலகத்தில் தலைவலி. இரண்டு இடத்திலும் ஒரே முகம், ஒரே சட்டை.

அவருடைய கருவியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டால், எந்தக் கணினியிலும் அப்படியே இறக்கி ஓட்டலாம். கன்டெய்னர் என்பார்கள். பெட்டியை ஓட்டவும் நிறுத்தவும் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். அந்த வரிதான் கட்டளை. நிஜத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். நம் வசதிக்கு நான் தமிழில் சொல்கிறேன்.

முதலில் அத்தான் செய்த கருவியில் ஏழே கட்டளைகள். ‘ஓட்டு’ என்றால் ஓடும். ‘நிறுத்து’ என்றால் நிற்கும். ‘காட்டு’ என்றால் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும். உதவிப் பக்கம் ஒரே தாளில் முடிந்துவிட்டது. காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். கருவி ஒரு நாள் படுத்தது கிடையாது, ஒருவரைக் கூப்பிட வைத்தது கிடையாது. வினையே அதுதான்.

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு முறை மேலாளர் ஒவ்வொருவரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு எடை போடுவார். அத்தானுக்கு முதுநிலைப் பொறியாளர் பதவி மேல் ஒரு கண்.

“இந்த வருஷம் கருவியில புதுசா என்ன சேர்த்தீங்க?”

“எதுவும் சேர்க்கல சார். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு.”

“ஓடுறது சந்தோஷம்தான். ஆனா ஓடிக்கிட்டிருக்குங்கறதை நான் மேலிடத்துல எப்படிக் காட்டறது?”

அந்த வருடம் பதவி பக்கத்து மேஜைக்காரருக்குப் போயிற்று. அவருடைய கருவி வாரம் தவறாமல் உடையும். அவர் ஓடி ஓடிச் சரி செய்வார். எல்லோரும் நன்றி சொல்வார்கள். அழுகிற பிள்ளைக்குத்தான் பால். அத்தானின் பிள்ளை தொட்டிலில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது, அதை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவர் அக்காவிடம், “ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்க. ஞாயித்துக்கிழமையும் கொஞ்சம் உக்காந்தேன்னா அடுத்த தடவை எனக்குத்தான்” என்றார். அக்கா பொறுத்துக்கொண்டாள். அந்த ஒரு வருடம் மூன்று வருடம் ஆயிற்று. ‘கொஞ்சம்’ என்பது காலைப் பல் விளக்கியதிலிருந்து இரவு விளக்கணைக்கிற வரை என்று ஆயிற்று. சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதி அவருடைய கணினிக்கு. மீதிப் பாதியில் அக்காவும் மகளும் முழங்கை இடிக்கச் சாப்பிட்டார்கள்.

இப்படித்தான் உபகட்டளைகள் பிறந்தன. முதலில் ‘பெட்டி’ என்று ஒரு தாய்க் கட்டளை. அதற்குக் கீழே ‘நிறுத்து’. அதற்கும் கீழே ‘மெதுவாக’, ‘உடனே’, ‘கேட்டுவிட்டு’ என்று மூன்று குழந்தைகள். முன்பு ஒரு சொல்லில் நின்ற பெட்டியை இப்போது நிறுத்த ஒரு முழு வாக்கியம் தேவைப்பட்டது. ‘காட்டு’ என்று வெறுமனே அடித்தால், எதை, எப்படி, எந்த வரிசையில் என்று கருவி குறுக்கு விசாரணை செய்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு இப்படி அழகாகப் பாதை போட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் கேட்காமல் இல்லை.

“அத்தான், ‘நிறுத்து’ன்னு ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. அது போதாதா?”

“எதை நிறுத்தணும்னு அதுல தெளிவு இல்லம்மா.”

“பெட்டியைத்தான். நிறுத்தறதுக்கு வேற என்ன இருக்கு?”

“இப்ப இல்ல. பின்னாடி வரலாம்ல?”

அவர் வாழ்க்கையே அந்தப் பின்னாடியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வராத விருந்தாளிகளுக்கெல்லாம் பாய் விரித்து வைத்தார். விரித்த ஒவ்வொரு பாய்க்கும் நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல், எது கட்டாயம், எதை விட்டால் என்ன ஆகும், மூன்று உதாரணம். ஒரு தாளாக இருந்த உதவிப் பக்கம் கதவு மூடாமல் முட்டுக் கொடுக்கிற பருமனுக்கு வந்துவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கட்டெறும்பு தின்று கொழுத்துக் கழுதையாகி, உதைக்கவும் பழகிக்கொண்டது.

அவரிடம் ஒன்றைப் பாராட்டியாக வேண்டும், அரைகுறை வேலை செய்ய மாட்டார். ஒவ்வொரு புதுக் கட்டளைக்கும் சோதனை எழுதுவார். தானே போட்டு, தானே ஓட்டி, தானே முதுகில் தட்டிக்கொள்வார். “இவ்வளவு சேர்த்திருக்கேன், யூசர்கிட்டேர்ந்து ஒரு புகார் வந்திருக்கா சொல்லு?” என்று சாப்பாட்டு மேஜையில் மார் தட்டுவார். வரவில்லைதான். ஒன்றுகூட வரவில்லை. அத்தனை பெரிய கழுதை அத்தனை பேரை உதைத்தும் ஒருவரும் ஐயோ என்று கத்தவில்லையே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வருடம் மேலாளர் உருகிவிட்டார். “இப்பத்தான் காட்டற மாதிரி இருக்கு!” தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இயக்குநர் வருகிறார், அந்த அம்மாவுக்கு முன்னால் ஓட்டிக் காட்டினால் பதவி கையில் என்றார். அன்று காலை அக்கா அத்தானுக்குச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தபடி சொன்னாள்:

“கெடைச்சா சந்தோஷம். கெடைக்கலைன்னா இத்தோட அந்த டப்பாவை மூடிடணும். ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்.”

அத்தான் தன் மடிக்கணினியில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். இயக்குநர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சொந்த மெஷின்ல எல்லாரும் நல்லாத்தான் காட்டுவாங்க. நிஜமா வேலை நடக்கிற மெஷின்ல காட்டுங்க.”

எல்லோரும் பராமரிப்பு அறைக்குப் போனோம். இரவு பகலாகச் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவர்களின் அறை அது. சுவரில் பெரிய திரை. குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். அத்தான் உட்கார்ந்தார், விரல்களைச் சொடுக்கினார், ‘பெட்டி’ என்று தொடங்கி ஒரு வாக்கியத்தை மழை மாதிரி அடித்தார்.

‘பெட்டி’ என்று ஒரு கட்டளை இல்லை என்றது திரை.

எழுத்துப் பிழை என்று நினைத்து மறுபடி அடித்தார். இல்லை என்றது. வேறொன்றை அடித்தார். அதுவும் இல்லை. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. கடைசியில் கருவியிடமே நீ எந்தப் பதிப்பு என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு முந்தைய எண் வந்தது.

“இது பழசாச்சே” என்றார் அத்தான்.

பராமரிப்பு அறையின் பொறுப்பாளர் நிதானமான பெண்மணி. “ஆமா சார், நாங்க பழசுலதான் இருக்கோம்” என்றார்.

“எப்போலேர்ந்து?”

“எப்பவுமே. புதுசு வந்தப்ப ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். ‘நிறுத்து’ன்னு அடிச்சா எதைன்னு கேட்டுச்சு. எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்ல சார். எடுத்துட்டோம்.”

“மத்த ஆபீஸ்ல?”

“அவங்க எங்களைக் கேட்டுத்தான் போடுவாங்க. வேண்டாம்னு சொல்லிட்டோம்.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். என் பக்கங்களையும் சேர்த்துத்தான் அந்தப் பொறுப்பாளர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், எனக்கும் சுருக்கென்றது. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அத்தான் ‘ஓட்டு’ என்று அடித்தார். பெட்டி கண் இமைக்கிற நேரத்தில் ஓடியது. ‘நிறுத்து’ என்றார். நின்றது.

“இவ்வளவுதானா?” என்றார் இயக்குநர்.

“இவ்வளவுதான் மேடம்.”

“இதைத்தான் நான் ஊர் ஊரா தேடிக்கிட்டிருக்கேன்! எங்க போனாலும் ஒரு பெட்டியை நிறுத்தப் பத்து வார்த்தை அடிக்கச் சொல்றாங்க. இது இந்த வருஷம் இவர் செஞ்சதா?”

மேலாளருக்கு ஒரு மயிரிழைத் தடுமாற்றமும் இல்லை. “ஆமா மேடம். இந்த வருஷம் முழுக்க எளிமைப்படுத்தற வேலைதான் பார்த்தாரு.”

அத்தான் வாயைத் திறந்தார். ஒரு நொடி நல்ல மனிதராக இருந்தார். பிறகு மூடிக்கொண்டார். மாலைக்குள் பதவிக் கடிதம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நல்ல வேளை, அத்தான் வீட்டில் பொய் சொல்கிற ஜாதி இல்லை. நடந்ததை ஒன்று விடாமல், மேலாளர் குரலில் பேசிக் காட்டிச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“அப்ப பதவி கொடுத்தது அந்தப் பழைய ஏழுக்கு?”

“ஆமா.”

“இந்த மூணு வருஷம் சேர்த்தது?”

“யாருமே போட்டுக்கல.”

“அப்ப நீங்க அந்த டப்பாவை இந்த மேஜைக்குக் கொண்டு வராமலே இருந்திருந்தாலும் இது கெடைச்சிருக்கும்.”

அத்தான் கொஞ்சம் யோசித்தார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம், கேள்வி என்று வந்துவிட்டால் சரியான பதிலைச் சொல்லிவிடுவார். “இல்ல. புதுசா எதுவும் சேர்க்கலைன்னா அந்த அம்மா முன்னாடி என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கவே மாட்டாங்க.”

பதில் சரிதான். இதைவிடச் சரியான ஒரு பதிலையும் இதைவிட அசட்டுத்தனமான ஒரு பதிலையும் நான் கேட்டதில்லை. அக்கா அவரையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“உங்க பொண்ணு எங்கன்னு கேட்டீங்களா?”

“எங்க?”

“கீழ சைக்கிள் ஓட்டிக்கிட்டிருக்கா.”

“சைக்கிளா? அவளுக்கு ஓட்டத் தெரியுமா? எப்ப கத்துக்கிட்டா?”

அக்கா தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். “நீங்க ‘பெட்டி வலையமைப்பு சீராக்கு’ன்னு ஏதோ சேர்த்தீங்களே, அந்த ஞாயித்துக்கிழமை. பின்னாடி பிடிச்சுக்கிட்டு நான்தான் ஓடினேன்.”

நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். அத்தான் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே தெருவைப் பார்த்தார். ஐந்தாறு பிள்ளைகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி நீலத் தலைக்கவசம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, திரும்பாமலே அக்காவிடம் கேட்டார்:

“இதுல எது நம்மளுது?”