உறை அறைக்குள் வந்த ஈர பூட்ஸ்

சீஸ் ஆலையில் அவளை எல்லோரும் உறைக்காரம்மா என்றே அழைத்தார்கள். பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவை உறை அறையில் வளர்த்துத் தொட்டிகளுக்கு அளந்து கொடுப்பது அவள் வேலை. பிள்ளை இல்லாதவள். "என் புள்ளைங்க இன்னைக்கு மந்தமா இருக்குதுங்க" என்றால் பாக்டீரியாவைச் சொல்கிறாள் என்று பொருள். அவள் கணவர் அதே ஆலையில், சீஸ் எடுத்தபின் மிஞ்சும் வடிநீரைக் கால்வாயில் தள்ளிவிடுபவர்.

உறை அறைக்குள் வேறு ஆள் நுழையக் கூடாது. ஆனால் ஆலையிலேயே கதகதப்பான இடம் அதுதான். நாளெல்லாம் ஈரத்தில் நின்று கால் விறைத்துப்போகும் மனிதரைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"உள்ள வாங்க, யார் பாக்கப் போறா?"

"பூட்ஸைக் கழட்டணுமே."

"நீங்க கழட்டி மாட்டறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். அப்படியே வந்து உக்காருங்க."

குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் தொட்டிப் பால் புளிக்கவில்லை. மறுநாளும் அப்படியே கிடந்தது. பரிசோதித்துப் பார்த்த மேலாளர் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்கவைத்து வெளியேறும் வைரஸ்; வடிநீரில்தான் அது மண்டிக் கிடக்கும்.

"இன்னொரு தடவை பால் சாக்கடைக்குப் போனா, ஆலையை மூடிடுவாங்க. எல்லாரும் வீட்டுக்குத்தான்" என்றார் மேலாளர். கெட்ட தொட்டிகளில் ஒன்றை மட்டும் அவர் கழுவ விடவில்லை. "தப்பிச்ச பாக்டீரியா கொஞ்சம் இதுல இருக்கும். அதுங்க வைரஸோட மரபுச் சரத்துல ஒரு துணுக்கை வெட்டித் தன் சரத்துக்குள்ள வெச்சுக்கும். அதே வைரஸ் திரும்ப வந்தா அடையாளம் பாத்து நறுக்கிடும். அதுங்க வாரிசுக்கும் அந்த அடையாளம் போகும்."

அந்தத் தொட்டியின் பால் தாமதமாக, அரைகுறையாகத் திரண்டது. உறைக்காரம்மா அதில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் விட்டாள். அதிலிருந்து இன்னொரு பாலுக்கு. கடைசியில் வைரஸ் இருந்த வடிநீரையே அதில் ஊற்றிப் பார்த்தார்கள். பால் கட்டியாக உறைந்தது. ஆலை பிழைத்தது.

அதன் பிறகுதான் கேள்வி வந்தது. உறை அறை நாற்காலியின் கீழே வடிநீர்க் கறை, பூட்ஸ் அச்சு அச்சாகக் காய்ந்திருந்தது. மேலாளர் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

"அண்ணே, உங்களை உள்ள விட்டது யாரு?"

"யாரும் விடலீங்க. இவ வெளிய போற நேரம் பாத்து நானாத்தான் நுழைஞ்சேன்."

உறைக்காரம்மா வாயைத் திறந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இருவர் வேலையும் போனால் அடுப்பு எரியாது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றே அவரை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இந்த வயதில் அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அவள் வேலை முடிந்து வரும்போது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

"உறைஞ்சுதா?"

"உறைஞ்சுதுங்க."

"உறையாம என்ன? நான் கொண்டுவந்து விட்டதுல ஒரு துண்டைப் பத்திரமா வெச்சிருக்கே உன் புள்ளைங்க. அதுங்களாவது என்னை மறக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வையை விலக்கி அவர் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். ஈரத்தில் நிற்காத அந்தக் கால்கள் இப்போதும் சில்லிட்டே இருந்தன.