இரண்டு பட்டைகளுக்கு நடுவே விட்ட இடம்

புனேயின் லோஹேகாவில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விமானப்படைக்காரர்கள். நீலச் சட்டை, நீலப் பேன்ட், தோளில் பட்டை. இத்தனை வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டே தைக்கலாமே என்பார்கள். நான் கண்ணைத் திறந்துகொண்டு மூன்று தடவை அளந்தும், வெட்டப் போகும்போது நான்காவது தடவை அளப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு மாமாவின் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது வந்த பயம் அது. வெட்டிய துணியை ஒட்ட முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் ஊரின் மறுகோடியில் இருக்கும் நிக்டியிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பதைத் தாண்டிய ஆள். வெயிலில் வெந்த முகம். கையில் நல்ல கருப்புக் கோட் துணியும் ஒரு காகிதப் பொட்டலமும். பொட்டலத்தில் தங்க ஜரிகைப் பட்டை.

"அண்ணாச்சி, நேவி கோட்டு தைப்பியளா?"

அந்த ஒரு சொல்லில் தூத்துக்குடி தெரிந்துவிட்டது. நாங்கள் வேலூர்ப் பக்கம். "தைப்பேன் சார். சார் நேவியா?" என்றேன்.

"ஆமா. ஆனா இல்ல."

இப்படிப் பதில் சொன்னால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. இழுத்துப் பிடித்துக் கேட்டேன். சரக்குக் கப்பலில் இன்ஜினியராம். கடற்படை ரிசர்வில் அதிகாரியாகவும் பெயர் இருக்கிறதாம். சண்டை வந்து கூப்பிட்டால் போக வேண்டும். சண்டை வராத காலத்தில் இடையிடையே பம்பாய்க்குப் போய்ச் சில வாரம் சீருடை போட்டுப் பயிற்சி எடுக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் சரக்குக் கப்பல்தான்.

"அப்ப சம்பளம் யாரு சார் குடுக்கிறது?"

"பொண்ணு குடுக்கப் போறியளா அண்ணாச்சி?" என்று சிரித்தார். பிறகு சொன்னார். பயிற்சி நாட்களுக்கு அந்த ரேங்க்கில் இருக்கும் நிரந்தர அதிகாரிக்கு என்ன சம்பளமோ அது. மற்ற நாட்களுக்குப் பெயரை வைத்திருப்பதற்காக வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை. "டீ செலவுக்குக் காணும்" என்றார்.

நான் அளவெடுத்துக்கொண்டே கேட்டேன், அவர் கையைத் தூக்கிக்கொண்டே சொன்னார். அவருக்கு லெப்டினன்ட் பதவி. கோட்டின் கையில் இரண்டு தடிப் பட்டை, மேல் பட்டையில் ஒரு சுழி. அடுத்த பதவி வந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பட்டை ஏறும். "கூடிய சீக்கிரம் ஏறும்னு நெனைக்கேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போகிற போக்கில் சொன்னதை நான் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பட்டைகளுக்கு நடுவே கால் அங்குலம்தான் இடைவெளி. மெல்லிய பட்டை வந்தால் மேல் பட்டையைப் பிரித்து மேலே ஏற்ற வேண்டும். பிரித்தால் ஊசித் துளை தெரியும். வெயில் பட்ட துணியில் பட்டை இருந்த இடம் தனி நிறமாக நிற்கும். அவ்வளவு நல்ல துணி. எனவே மெல்லிய பட்டைக்கும் சேர்த்து இடம் விட்டு, மேல் பட்டையை உயர்த்தியே தைத்துவிட்டேன். பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் அடிமடிப்பைப் பெரிதாக விடுகிறோமே, வளருவார்கள் என்று, அந்தக் கணக்கு. அவரிடம் சொல்லவில்லை. அவரும் கவனிக்கவில்லை, போட்டுப் பார்த்துக் கண்ணாடியில் திருப்தியாகிக் கிளம்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்.

"வே அண்ணாச்சி, பஸ்ல துண்டு போட்டு எடம் புடிப்பாவளே, அது மாதிரி என் கையில துண்டு போட்டுட்டியளே!"

பயிற்சியில் பெரிய அதிகாரி ஒருவர் வரிசையைப் பார்வையிட்டிருக்கிறார். இவர் முன்னால் நின்று, கையைத் தூக்கிப் பார்த்து, பையிலிருந்து ஸ்கேலை எடுத்தே அளந்திருக்கிறார்.

"'நடுவுல யாருக்கு எடம் வச்சிருக்கே?'ன்னு கேட்டான். நான் என்னத்த சொல்ல? பின்னால நின்னவன்லாம் சிரிச்சுக் குலுங்குதான். சாப்பாட்டு மேசையில ஒருத்தன், 'இவருக்கு டெய்லரே புரமோஷன் போட்டுட்டாரு'ங்கான்."

அவர் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். நான் கோட்டை வாங்கி மேசையில் விரித்தேன். "சார், இதனால உங்களுக்கு ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"ஒண்ணும் ஆவாது. எப்படியும் அடுத்த பொறந்தநாளுக்குள்ள பட்டை வரலேன்னா பேரையே எடுத்துருவான். இந்த ரேங்க்குக்கு அவ்வளவுதான் வயசு. பட்டை வந்தா இன்னும் சில வருஷம் ஓடும்."

அன்றைக்கே கூலி வாங்காமல் மேல் பட்டையைப் பிரித்து இறக்கிக் கால் அங்குலத்துக்குக் கொண்டு வந்தேன். பழைய ஊசித் துளைகள் பட்டைக்கு மேலே வரிசையாகத் தெரிந்தன. நீராவி பிடித்துத் தேய்த்தேன். பாதி மறைந்தது. கோட்டில் இடைவெளி அடைபட்டுவிட்டது. என் நெஞ்சில் அடைபடவில்லை. அந்த ஸ்கேல்காரர் அவருடைய ஃபைலில் என்ன எழுதினாரோ? 'பதவிக்கு ஆசைப்படுகிறவர்' என்று எழுதியிருந்தால்? ஒருத்தருடைய பதவியை ஒரு கால் அங்குலத்தில் நான் கெடுத்திருந்தால்?

மறுநாள் விமானப்படை கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மராட்டியர் ஒருவர் பேன்ட் வாங்க வந்தார். "காய் ஜாலா மாஸ்டர், என்ன ஆச்சு? முகம் ஏன் இப்படி?" என்றார். ரிசர்வ் அதிகாரிக்கு எப்படிப் பதவி உயர்வு கொடுப்பார்கள் என்று கேட்டேன். பாதி மராத்தியிலும் பாதி இந்தியிலும் அவர் சொன்னதன் சாரம்: எங்கள் விதி வேறு, அவர்கள் விதி வேறு, ரிசர்வ்காரர்களின் விதியை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. கடைசியில், "ஆமாம், உனக்கு எதற்கு இதெல்லாம்? நேவியில் சேரப் போகிறாயா?" என்றார்.

எனக்கு எதற்கு என்றால் எனக்கும் தெரியவில்லை. பயத்தில் தொடங்கியதுதான். ஆனால் கேட்கக் கேட்க வேறு மாதிரி ஆகிவிட்டது. வேலையில் இல்லாதபோதும் வேலையில் இருக்கிற ஒரு மனிதருக்கு எதை வைத்து அனுபவம் கணக்கிடுவார்கள்? அவர் வேறு கம்பெனிக் கப்பலில் கழிக்கிற வருஷங்கள் இதில் சேருமா, சேராதா? பட்டன் துளை போடும்போதுகூட இதே நினைப்பு.

அடுத்த முறை அவர் வந்தபோது, "சார், இதுக்கெல்லாம் புஸ்தகம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ரிசர்வ் விதிகளின் ஜெராக்ஸ் தாள்களை ஒன்றாகக் குத்திய கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "படிச்சிட்டுத் தாங்க. பயிற்சிக்குப் போற ஆளுவளே இதப் படிக்க மாட்டானுவ."

இங்கிலீஷ். என் வீட்டில் பத்தாவது தேறியது என் மனைவிதான். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வரி பிடித்து வாசித்தாள்.

"இன்னாங்க இது, ஒரு வாக்கியம் ஒரு பக்கம் போவுது!"

"டெய்லர் தப்புன்னு எங்கயாச்சும் வருதா பாரு."

"வருது. கோட்டுல எடம் உட்ட டெய்லரைக் கப்பல்ல கட்டித் தொங்கவுடணும்னு போட்டுக்கீது. சும்மா இருங்க, குறுக்க பேசாதீங்க."

மூன்று மத்தியானம் ஆயிற்று. அவளுக்குப் புரிந்த அளவில் எனக்குச் சொன்னாள். பதவி உயர்வுக்குப் பதவியில் இருந்த வருஷங்கள் வேண்டும். கடலில் கழித்த காலம் வேண்டும், அதில் சரக்குக் கப்பலும் சேரும். இவ்வளவு நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும். யார் ஸ்கேல் வைத்து அளந்தார் என்பதற்கு எங்கேயும் இடம் இல்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அப்புறம் ஒரு பத்தியில் அவள் நின்றாள். பயிற்சி நாள் குறைந்தவர்கள், வயது வரம்புக்கு முன்னால் விண்ணப்பம் போட்டு, அந்தக் குறையை முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் பென்சில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் தமிழில், சின்ன எழுத்தில்: 'கப்பலா, இதுவா?'

"இது அவரு எழுதினது. நாம பாக்கணும்னு எழுதல" என்றாள். தாளை மூடி வைத்துவிட்டாள்.

தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "சார், பயிற்சி நாள் குறையுதா?" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "குறையுது. போன தடவை கப்பல் லேட்டா வந்து ஒரு பயிற்சி போச்சு. இப்பம் முடிக்கலாம். ஆனா அதே நாள்ல கப்பல் கம்பெனி கூப்பிடுதான். அங்க டாலர். இங்க ரேங்க் சம்பளம், அதுவும் அந்தக் கொஞ்ச நாளுக்கு. இந்தக் கப்பல விட்டா அடுத்தது எப்ப வருமோ?"

"பட்டை வந்தா பென்ஷன் உண்டா சார்?"

"கெடையாது."

"வீடு, ஆஸ்பத்திரி?"

"எங்களுக்கு அதெல்லாம் கெடையாது அண்ணாச்சி."

"அப்ப எதுக்கு சார்?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. மேசையில் கிடந்த சாக்கட்டியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"நிக்டியில எங்க ஹவுசிங் சொசைட்டியில எல்லாரும் ஒரே கம்பெனியில முப்பது வருஷம். பேட்ஜு, பஸ்ஸு, ரிட்டையர்மென்ட்டுக்குக் கடிகாரம். நான் எத்தனை கம்பெனி மாறியிருப்பேன்னு எனக்கே மறந்து போச்சு. கப்பல்லேர்ந்து எறங்குன மறுநாளு அந்தக் கம்பெனிக்காரன்ட்ட போயி என் பேரச் சொன்னா முழிப்பான். ஆனா கடற்படையில ஒரு பட்டியல் இருக்கு. எனக்கு முன்னால யாரு, பின்னால யாருன்னு வரிசையாப் போட்டிருக்கும். நான் எந்தக் கடல்ல கெடந்தாலும் அதுல என் பேரு இருக்கும். எம் பேரு நெலையா இருக்கது அங்க மட்டுந்தான்."

இயல்பாக என்னைக் கேட்டால் கப்பலுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். கைக்கு வருகிற பணத்தை விடாதே என்று சொல்கிற வம்சம் நாங்கள். அவருக்கு வீட்டுக் கடன் இருப்பதும் தெரியும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கோட்டை இன்னொரு தடவ நீராவி புடிச்சு வைக்கணும் சார். எப்ப வேணும்?"

பயிற்சிக்குப் போனால்தான் கோட். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறைக்கான எண்ணெய் படிந்த மேலுடைதான். அவருக்கும் அது புரிந்தது. "திங்கக்கெழம சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிச் சாக்கட்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் பம்பாய் போன நாளிலிருந்து எனக்குப் புதுக் கவலை. கப்பலும் போய், பட்டையும் வராவிட்டால்? கோட் எப்போது வேண்டும் என்று நான் கேட்காமல் இருந்திருந்தால் அவர் டாலர் சம்பாதித்துக்கொண்டிருப்பார். "நீங்க அவரோட அட்மிரலா? அவரு முடிவு பண்ணிப் போனாரு" என்று மனைவி திட்டினாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் தபால்காரர் எங்கள் தெருவில் வரும்போதெல்லாம், எனக்கு வராத கடிதத்துக்காக நான் எட்டிப் பார்த்தேன்.

அவருடைய பிறந்தநாள் நெருங்கியது. ஒருநாள் ஸ்கூட்டர் சத்தம். அவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கோட்டையும் ஒரு கவரையும் மேசை மேல் வைத்தார்.

"இப்பம் தைங்க."

"காகிதம் பாக்காம இனிமே தைக்க மாட்டேன் சார்."

"அதுக்குத்தானவே கொண்டாந்தேன்!"

கடைக்குப் பின்னால் வீடு. மனைவியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசித்தாள். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டேன். சொன்னாள். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். பிறந்தநாளுக்கு முந்தைய தேதிதான். "நாலாவது தடவையும் அளக்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவர் முன்னாலேயே பிரித்தேன். மேல் பட்டையை உயர்த்தி வைத்தபோது அளவு எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் முதலில் போட்ட ஊசித் துளைகள் அப்படியே காத்திருந்தன. அதே துளைகளில் ஊசி இறங்கியது. நடுவில் மெல்லிய பட்டையை வைத்துத் தைத்தேன். அவர் ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்து, "துண்டு போட்டது வீண் போவல" என்றார்.

அந்தப் பட்டைக்கும் ஒரு வயது இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, சிஞ்ச்வட் பக்கம் புதுப் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், அவருக்கு ஓய்வுக் கடிதம் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். பதவிப் பெயரை வைத்துக்கொள்ளலாம், குறிப்பிட்ட விழாக்களில் சீருடை அணியலாம் என்று இருந்தது. பென்ஷன் இல்லை. நான் இந்த முறை கேட்கவில்லை. அவராகவே, "பேர அழிச்சிருவாவளோன்னு பயந்தேன். ஓய்வு பெற்றவங்க பட்டியலுக்கு மாத்திருக்காவ. வரிசை அதே வரிசைதான்" என்றார்.

கடற்படை விழா ஒன்றுக்கு அழைப்பு வந்ததாம். கோட்டைப் போட்டுப் பார்த்தால் பட்டன் எட்டவில்லை. "கப்பல் சமையல் அண்ணாச்சி. புதுசா தைச்சிருவமா? இதுல ஒண்ணும் செய்ய முடியாதே?"

கோட்டைத் திருப்பி, உள் லைனிங்கை இரண்டு அங்குலம் பிரித்துக் காட்டினேன். பக்கத் தையல் இரண்டிலும் கணிசமாகத் துணி மடிந்து கிடந்தது.

"இது எப்ப விட்டிய?"

"அன்னைக்கேதான் சார். இதை யாரும் ஸ்கேல் வச்சு அளக்க மாட்டாங்க."

அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் நாடாவை எடுத்தேன்.